டயாலிசிஸ் நோயாளியின் அசதியை எண்ணாகக் குறிப்பது எப்படி?

யூரியா, கிரியாட்டினின், ஹீமோகுளோபின் எல்லாம் மாதாமாதம் ஃபைலில் ஏறிவிடும். நோயாளி அதிகம் சொல்லிப் புலம்பும் அசதி மட்டும் ஏறாது. "எப்படி இருக்கீங்க ஐயா?" "இருக்கேன் சிஸ்டர்." அத்தோடு சரி. அசதிக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, கேட்டுத்தான் எண் வாங்க வேண்டும். கேட்கிற நாள், நேரம், வார்த்தை மாறிக்கொண்டே இருந்தால், வந்த வித்தியாசம் நோயாளியுடையதா கேட்டவருடையதா என்றே தெரியாது. டயாலிசிஸ் யூனிட்டில் புதிதாகச் சேர்ந்த செவிலியர், டெக்னீஷியன்களுக்கான வழிமுறை இது. தேவை ஒரு பதிவேடும் இரண்டு மூன்று நிமிடமும்தான்.

1. நாளையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும் முறையில் உடம்பில் நீர் அதிகம் சேர்ந்திருக்கும், அன்று கேட்டால் எண் ஏறும். திங்கள், புதன், வெள்ளி வருபவரிடம் புதன்கிழமை கேளுங்கள். திங்களும் வியாழனும் மட்டும் வருபவரிடம் வியாழன். எடை பார்த்த பிறகு, ஊசி போடுவதற்கு முன். மூன்றாவது மணி நேரத்தில் பிரஷர் இறங்கிக் கிடக்கும்போது கேட்டால் அந்த நிமிடத்து நிலைதான் பதிலாக வரும். மாதம் ஒரு முறை போதும்.

2. மூன்று கேள்விகள்

ஹீமோடயாலிசிஸ் ஆய்வுகளில் தவறாமல் அளக்க வேண்டியவற்றில் அசதியும் ஒன்று என்று நோயாளிகளும் மருத்துவர்களும் கூடி முடிவெடுத்த சர்வதேச முயற்சி சாங்-ஹெச்டி. அதன் அசதி அளவுகோல் மூன்றே கேள்வி, எல்லாமே கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை: அசதியாக இருந்ததா? உடம்பில் தெம்பு இல்லாமல் இருந்ததா? அசதியால் வழக்கமான வேலைகள் தடைப்பட்டனவா? இல்லவே இல்லை 0, கொஞ்சம் 1, நிறைய 2, மிகக் கடுமையாக 3. கூட்டினால் 0 முதல் 9 வரை. ஏற ஏற அசதி அதிகம். நீங்களே தமிழில் எழுதிக்கொண்ட கேள்விகள் வார்டு கண்காணிப்புக்குச் சரி. ஆய்வுக் கட்டுரைக்கு முறைப்படி சரிபார்த்த மொழிபெயர்ப்பு வேண்டும்.

முதல் இரண்டு கேள்வியில் சிக்கல் வராது. மூன்றாவதில்தான் ஏமாறுவோம். கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டவர், "தடையெல்லாம் ஒண்ணுமில்லைம்மா, வீட்டுலதானே இருக்கேன்" என்பார். 0 விழும். அவர் சொன்ன எண்ணை மாற்றாதீர்கள். "முன்னாடி செஞ்சு இப்ப விட்டுட்ட வேலை ஏதாவது இருக்கா?" என்று கூடுதலாகக் கேட்டு, பதிலைப் பக்கத்தில் எழுதுங்கள். கூட வந்த மகனோ மனைவியோ முந்திக்கொண்டு சொல்வது கணக்கில் சேராது. பதில் சொல்ல முடியாத அளவுக்குச் சோர்ந்திருந்தால் "பதில் இல்லை" என்று எழுதுங்கள், 0 போட்டுவிடாதீர்கள்.

3. தேற எவ்வளவு நேரம்?

"டயாலிசிஸ் முடிஞ்சு பழையபடி ஆக எவ்வளவு நேரம் ஆகுது?" இந்த ஒற்றைக் கேள்வியைத் தனியாகக் கேளுங்கள். எப்போதும் இருக்கும் அசதி வேறு, டயாலிசிஸ் முடிந்ததும் அடித்துப் போட்டது போல வருவது வேறு. பதிலை நிமிடமாக்குங்கள். 2 மணி நேரம் என்றால் 120, அரை நாள் என்றால் 720, ஒரு நாள் என்றால் 1440.

பலரும் நேரமாகச் சொல்ல மாட்டார்கள். "வீட்டுக்குப் போய் சாப்பிட்டுப் படுத்தேன், எந்திரிச்சா அஞ்சு மணி." பகல் 11 மணிக்கு முடிந்திருந்தால், எழுந்தபோது தெளிவாக இருந்தாரா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் 360, தூங்கிய நேரமும் சேர்த்துத்தான். இரவு ஷிப்டில் வருபவருக்கு இந்தக் கேள்வி அவ்வளவாக உதவாது, தூக்கம் எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் ஷிப்டையும் குறித்து, பகல் ஷிப்ட் எண்களோடு ஒப்பிடாமல் விடுங்கள்.

தேறும் நேரம் கூடினால் முதலில் நீர் எடுத்த வேகத்தைப் பாருங்கள். 60 கிலோ உலர் எடை (கூடுதல் நீரெல்லாம் போன பிறகு இருக்க வேண்டிய எடை) உள்ளவரிடம் 4 மணி நேரத்தில் 3.5 லிட்டர் எடுத்தால், கிலோவுக்கு மணிக்கு 14.6 மில்லி. வழக்கமாகச் சொல்லப்படும் வரம்பு 13. அதே ஆள் 3 லிட்டரோடு வந்தால் 12.5தான். உலர் எடை தவறாக இருந்தாலும், நடுவில் பிரஷர் இறங்கினாலும் இதே கதைதான்.

4. அசதி மாதிரித் தெரியும் மற்றவை

"முடியல" என்றவுடன் அசதி என்று எழுதிவிடாதீர்கள். மூச்சு வாங்குகிறதா, எழுந்தால் கிறுகிறுக்கிறதா, பகலில் கண் சொக்குகிறதா, கால் குறுகுறுப்பால் இரவில் தூக்கம் கெடுகிறதா என்று பிரித்துக் கேளுங்கள். கை கால் பலமே போய்விட்டது, எழுந்து நிற்க முடியவில்லை என்றால் கேள்வித்தாளை மூடிவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். பொட்டாசியம் ஏறியிருக்கலாம், அது அவசரம்.

மனச்சோர்வைப் பார்க்க பிஎச்க்யூ-2 நல்லது. இரண்டு கேள்வி, மொத்தம் 6. 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மேலே விசாரிக்க வேண்டும். பிஎச்க்யூ-9இல் அசதியைப் பற்றியே ஒரு கேள்வி உண்டு. டயாலிசிஸ் நோயாளிக்கு அதில் மதிப்பெண் சும்மாவே ஏறிவிடும்.

எண்ணுக்குப் பக்கத்தில் அந்த மாத ஹீமோகுளோபினையும் எடை ஏற்றத்தையும் எழுதுங்கள். ஒரு மாதம் 4, அடுத்த மாதம் 5 என்றால் பதற வேண்டாம். தொடர்ந்து இரண்டு மாதம் ஏறினால் டாக்டரிடம் காட்டுங்கள். பக்கத்துப் படுக்கை நோயாளியோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

5. மாற்று சிறுநீரகம் பொருத்தியவருக்கு

தேறும் நேரக் கேள்வி இங்கே பொருந்தாது. 13 கேள்விகள் கொண்ட ஃபாசிட் அசதி அளவுகோலைப் பயன்படுத்தலாம். கடந்த 7 நாளைப் பற்றியது, மொத்தம் 52. இங்கே எண் தலைகீழ்: கூடினால் நல்லது. சாங் எண்ணோடு ஒரே வரைபடத்தில் போட்டால் குழப்பம்தான். கூட்டும்போது 11 கேள்விகளின் எண்ணை 4இலிருந்து கழித்துத் திருப்ப வேண்டும். தெம்பு இருக்கிறது, வழக்கமான வேலைகளைச் செய்ய முடிகிறது என்ற இரண்டை மட்டும் அப்படியே விட வேண்டும். புதியவர்கள் பதின்மூன்றையும் திருப்பிவிடுவது வழக்கம். 3, 4 புள்ளி மாறினால் அதைப் பொருட்படுத்தலாம்.

மாற்று சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவுக்கு ரத்தம் எடுக்கும் நாளில் காலை மாத்திரை போடாமல், பலரும் சாப்பிடாமலும் விடியற்காலையிலிருந்து வரிசையில் நிற்பார்கள். ரத்தம் கொடுத்து, மாத்திரை போட்டு, சாப்பிட்டு வந்த பிறகு தாளைக் கொடுங்கள். ஸ்டீராய்டு அளவும் பிரஷருக்கோ இதயத்துக்கோ தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரை உண்டா என்பதும் பக்கத்தில் இருக்கட்டும். முதலாவது தூக்கத்தைக் கெடுக்கும், இரண்டாவது உடம்பைத் தளர்த்தும். நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான மைக்கோஃபீனோலேட் ரத்த அணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால் ரத்த எண்ணிக்கையையும் பாருங்கள். நன்றாக இருந்தவர் திடீரென்று அசதி என்கிறார், கூடவே காய்ச்சலும் இருக்கிறது என்றால் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். மதிப்பெண் பிறகு போட்டுக்கொள்ளலாம்.