பள்ளிப்படைக் கல்வெட்டைப் படிக்கும் முறை

கும்பகோணத்தை அடுத்த பட்டீஸ்வரத்திற்கு அருகே, இராமநாதன் கோயில் என்னும் ஊரில், முதலாம் இராசராசனின் தேவியரில் ஒருவரான பஞ்சவன்மாதேவிக்காக முதலாம் இராசேந்திரன் எழுப்பிய பள்ளிப்படை, அதாவது இறந்தோர் நினைவாக எழுப்பப்படும் கோயில், இருக்கிறது. அதன் கல்வெட்டைப் படிக்க விரும்புவோர் வெயில் சாய்வாக விழும் வேளையில் செல்ல வேண்டும்; நிழலான சுவரில் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்தின் பள்ளம் தெளியும். சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் கல்லில் தடவவே கூடாது, தடவுவோரைக் கண்டால் பணிவாகத் தடுத்துவிடுங்கள்.

சோழர்கால எழுத்தில் பெரும்பாலும் புள்ளி இராது, எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடும் காட்டப்படாது என்பதால், பொருளறிந்தே சொற்களைப் பிரிக்க வேண்டும். 'திருமன்னி வளர' எனத் தொடங்கும் மெய்க்கீர்த்தியை, அதாவது அரசனின் புகழைக் கூறும் முன்னுரைப் பகுதியைக் கண்டுவிட்டால் அரசன் இராசேந்திரன் என்பது உறுதி. அதை அடுத்து ஆட்சியாண்டைத் தேடி, 1012ஐ முதலாண்டாகக் கொண்டு எண்ணினால், ஏழாம் ஆண்டு 1018–19 ஆகும்.