வெள்ளணு கூடியிருப்பது கிருமியாலா, ஸ்டீராய்டாலா? ரிப்போர்ட்டைப் படிக்கும் முறை

பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்கு மொத்த வெள்ளணு 14,000 என்று வந்தால், உடனே கிருமித் தொற்று என்று முடிவுகட்ட வேண்டாம். லேபில் எண்ணுவது ஓடும் ரத்தத்தில் உள்ள அணுக்களை மட்டுமே. வெள்ளணுக்களில் நியூட்ரோபில், லிம்போசைட், மோனோசைட், ஈசினோபில் என்று பல வகை உண்டு. நியூட்ரோபில்களில் ஏறக்குறைய பாதி ரத்தக் குழாயின் உட்சுவரை ஒட்டியே நிற்கும். உடம்பிலுள்ள லிம்போசைட்டுகளில் ரத்தத்தில் இருப்பது சுமார் 2 சதவீதம். அணுக்கள் எங்கே நிற்கின்றன என்பதை ஸ்டீராய்டு போன்ற ஹார்மோன் மாற்றினால் ரிப்போர்ட்டும் மாறிவிடும்.

முதலில் சதவீதத்தை எண்ணிக்கையாக்குங்கள். 14,000இல் நியூட்ரோபில் 86% என்றால் 12,040. லிம்போசைட் 9% என்றால் 1,260. 9% என்பது பயமுறுத்தும். ஆனால் பெரியவர்களுக்கு 1,000 முதல் 4,000 வரை இயல்புதான். ஈசினோபில் 0 என்று வந்தாலும் லேப் தவறு என்று நினைக்காதீர்கள். ஸ்டீராய்டு அதைத்தான் செய்யும்.

அடுத்து, மாத்திரை போட்ட நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். மாத்திரை போட்ட 4 முதல் 6 மணி நேரத்தில் நியூட்ரோபில் உச்சத்துக்கு ஏறும்; லிம்போசைட், மோனோசைட், ஈசினோபில் அடிமட்டத்துக்கு இறங்கும். ஒரு வேளை மட்டும் எடுத்திருந்தால் 24 மணி நேரத்தில் பழைய நிலை திரும்பும். தினமும் எடுப்பவருக்கு ஏற்றம் நீடிக்கும். 20,000ஐத் தாண்டுவதும் உண்டு. ஒப்பிட வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், மாத்திரைக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். மாத்திரையே எடுக்காதவருக்கும் நேரம் முக்கியம்: காலையில் உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசால் அதிகம், லிம்போசைட் குறைவு, இரவில் நேர்மாறு.

காரணம் இது. நியூட்ரோபில் சுவரைப் பற்ற உதவும் எல்-செலக்டின் புரதத்தை ஸ்டீராய்டு குறைக்கிறது. பிடி தளர்ந்து அணுக்கள் ஓட்டத்துக்கு வருகின்றன. எலும்பு மஜ்ஜையிலிருந்து புதியவையும் வெளிவரும், பழையவை சற்றுக் கூடுதலாக வாழும். லிம்போசைட்டிலோ சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பி கூடி, அவை எலும்பு மஜ்ஜைக்குள் போய் ஒதுங்கும். ஆகவே ஆரம்பத்து இறக்கம் பெரும்பாலும் இடமாற்றம்தான், அழிவு இல்லை. நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பி மட்டும் விதிவிலக்கு. அங்கே முதிர்ந்துவரும் இளம் டி அணுக்கள் (லிம்போசைட்டில் ஒரு வகை) உண்மையிலேயே மடிகின்றன. அதிக டோஸில் தைமஸே சுருங்கிப்போகும்.

ஓட்டத்திலும் பதற்றத்திலும் சுரக்கும் அட்ரினலின் ஹார்மோன் வேறு விதம். படிக்கட்டில் ஓடி வந்தவரிடம் உடனே ரத்தம் எடுத்தால் நியூட்ரோபிலும் லிம்போசைட்டும் சேர்ந்தே கூடியிருக்கும். கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள்.

தொற்றைப் பிரித்தறிய ஸ்மியர், அதாவது ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்ல வேண்டும். முதிராத பேண்ட் நியூட்ரோபில்கள் 6 சதவீதத்துக்கு மேல் இருந்தாலோ, அணுக்களுக்குள் 'நச்சுத் துகள்கள்' எனப்படும் அடர்நிறத் துகள்கள் தெரிந்தாலோ தொற்றைத் தேடியாக வேண்டும். இவை இல்லை என்பதாலேயே தொற்று இல்லை என்று ஆகிவிடாது. ஸ்டீராய்டு காய்ச்சலையும் அமுக்கிவிடும். மூச்சுத்திணறலோ மனக்குழப்பமோ இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

எண்ணைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். 3 வாரத்துக்கு மேல் எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி சொந்தமாகக் கார்டிசால் சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.