டவர் வந்த பிறகு என்ன? கிராம இணையத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிராமத்துக்கு இணையம் என்றதும் பேச்சு டவரில் தொடங்கி டவரிலேயே முடிந்துவிடுகிறது. மொபைல் நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மொபைல் இணைய சிக்னல் எட்டாத இடங்களில் வாழ்பவர்கள் உலக மக்கள்தொகையில் 4 சதவீதம்தான். சிக்னல் இருந்தும் பயன்படுத்தாதவர்கள் 39 சதவீதம். குழந்தைகளையும் சேர்த்த கணக்கு இது. அதைக் கருத்தில் கொண்டாலும், டவரால் மட்டும் தீராத பிரச்சினைதான் பெரிது என்பது தெளிவு.

சிக்னல் விஷயத்திலும் ஒரு தவறு நடக்கிறது. நிறுவனங்கள் காட்டும் வரைபடத்தை நம்பித் திட்டம் போடுகிறார்கள். அந்த வரைபடங்கள் பெரும்பாலும் கணினி போட்ட கணக்கு. குன்றின் மறுபக்கத்தில், வீட்டின் உள்ளறையில் என்ன கிடைக்கிறது என்பதை அவை சொல்லாது. எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் மாலைப் பொழுதில், வீட்டுக்குள் நின்று அளந்து பாருங்கள். பதிவிறக்க வேகத்தோடு பதிவேற்ற வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தோடு ஒரு புகைப்படத்தை அனுப்ப முடியாத இணைப்பால் யாருக்கும் பயனில்லை.

அடுத்தது, கருவியைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது. 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தில் பெரு நாடு லட்சக்கணக்கான மடிக்கணினிகளைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2012இல் வந்தன. கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ மாணவர்கள் முன்னேறியதற்குச் சான்று கிடைக்கவில்லை. அவற்றில் பெரும்பாலான பள்ளிகளில் அப்போது இணைய இணைப்பே இல்லை. பாடத்தோடு கணினியை எப்படிச் சேர்ப்பது என்ற பயிற்சியும் ஆசிரியர்களுக்குப் போதவில்லை.

என் பார்வையில் அதிகம் சறுக்குவது பயிற்சியில்தான். ஒரே நாளில் முப்பது பேரை உட்காரவைத்து, கணினியின் பாகங்களில் தொடங்கி மின்னஞ்சலில் முடிக்கிறார்கள். வந்தவருக்கு வேண்டியதோ ஓய்வூதியம் கணக்கில் ஏறியதா என்று பார்ப்பது, அல்லது வெளியூரில் இருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேசுவது. அவர் கேட்டு வந்த வேலையிலிருந்தே தொடங்குங்கள். அதைச் செய்து முடிக்கும்போது கடவுச்சொல், செயலி, டேட்டா எல்லாம் தானாகவே பாடத்துக்குள் வந்துவிடும். எழுதப் படிக்கத் தயங்குபவருக்குக் குரல்வழித் தேடலையும் குரல் செய்தியையும் முதலில் காட்டுங்கள்.

சொல்லிக்கொடுப்பவர் செய்யக்கூடாத ஒன்று உண்டு: கற்பவரின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கித் தானே அழுத்திக் காட்டுவது. பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வீட்டுக்குப் போனதும் ஒன்றும் நினைவில் இருக்காது. எவ்வளவு நேரமானாலும் அவர் விரல்தான் திரையில் பட வேண்டும்.

பயத்தையும் அறியாமை என்று ஒதுக்காதீர்கள். தவறான இடத்தில் தொட்டால் பணம் போய்விடும் என்ற பயம் நியாயமானது. ஓடிபியை யாரிடமும் சொல்லக்கூடாது, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவர் கேட்டாலும் திரையைப் பகிரும் செயலியை நிறுவக்கூடாது, பணம் போய்விட்டால் உடனே யாரை அழைப்பது என்பதெல்லாம் முதல் வகுப்பிலேயே வர வேண்டியவை. கடைசி வகுப்பு வரை தள்ளிப்போட்டால் அதற்குள் சிலர் ஏமாந்திருப்பார்கள். அதன்பின் கைப்பேசியைத் தொடவே மாட்டார்கள்.

பெண்களை அழைத்தோம், வரவில்லை என்று சொல்வதற்குமுன் வகுப்பு எந்த நேரத்தில் நடக்கிறது, அந்த வீட்டில் கைப்பேசி யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். ஓடிபி கணவர் எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும் வரை மனைவி பெயரிலுள்ள கணக்கு மனைவியுடையதாக ஆகாது. இதே கவனம் உதவி மையங்களிலும் வேண்டும். ஊராரின் கடவுச்சொற்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளும் உதவியாளர் நல்ல மனத்தோடுதான் அதைச் செய்வார். ஆனாலும் அந்தப் பழக்கம் ஆபத்தானது. மக்கள் என்றைக்கும் அவரையே சார்ந்திருக்கும்படியும் செய்துவிடும்.

பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் தொடங்குவது இன்னொரு பெரிய தவறு. பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். இடி மின்னல் காலத்தில் ரூட்டர் கருகும். சாலை தோண்டுகிறவர்கள் இணையம் வரும் ஃபைபர் கேபிளை வெட்டிவிடுவார்கள். பழுது பார்க்கத் தெரிந்தவர் ஊரிலேயே இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஒருவர் வேலை தேடி வெளியூர் போனாலும் மற்றவர் இருப்பார். தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்தில், மன்கோசி பகுதி மக்கள் சென்செலெனி என்ற இணையக் கூட்டுறவை நடத்துகிறார்கள். வலையமைப்புக்காக வைத்த சோலார் மின்சாரத்தில் கைப்பேசிகளுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொடுத்தும் அவர்கள் வருமானம் ஈட்டினார்கள். இங்கிலாந்தின் லங்காஷயரில் 2011இல் தொடங்கிய பி4ஆர்என் என்ற கிராம இணைய அமைப்புக்காக ஊர்மக்களே தங்கள் நிலங்களில் பள்ளம் தோண்டி ஃபைபர் பதித்தார்கள். இப்படி ஊரே இறங்கிச் செய்ததைப் பழுதாகவிட யாருக்கும் மனம் வராது. புதுமையை மட்டும் நம்பிக் காத்திருப்பதும் வேண்டாம். பலூன்களில் இணையம் தர முயன்ற கூகுளின் தாய் நிறுவனம் 2021இல் அந்த லூன் திட்டத்தையே மூடிவிட்டது.

கடைசியாக, எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தோம் என்று எண்ணிக் கணக்கை முடிக்காதீர்கள். மூன்று மாதம் கழித்துப் போய், யார் துணையும் இல்லாமல் ஒரு விண்ணப்பத்தை நிரப்பச் சொல்லிப் பாருங்கள். பாதியில் வகுப்பை விட்டவர்களின் வீட்டுக்கும் போய்க் காரணம் கேளுங்கள். ரீசார்ஜ் செய்யக் காசில்லை, நேரம் ஒத்துவரவில்லை, எழுத்து சிறியதாக இருந்தது என்று அவர்கள் சொல்வதிலிருந்தே அடுத்த வகுப்பைத் திட்டமிடலாம்.