டைரக்ட் பேமென்ட் எடுத்தால் நீங்கள்தான் முதலாளி

அம்மா லண்டன் ஈஸ்ட் ஹாமில் தனியாக இருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு குளிக்க, உடுத்த, சமைக்க ஆள் வேண்டும். ஏஜென்சி அனுப்பும் கேயரர்கள் (பராமரிக்க வருபவர்கள்) மாறிக்கொண்டே இருந்தார்கள். அம்மாவுக்கோ ஆங்கிலம் ஓடாது. அதனால்தான் ஆள் அனுப்புவதற்குப் பதிலாக, நாங்களே ஆள் வைக்க கவுன்சிலிடம் (உள்ளூராட்சி மன்றத்திடம்) பணமாகவே கேட்டு வாங்கினோம். அதைத்தான் டைரக்ட் பேமென்ட் என்கிறார்கள். இங்கிலாந்தில் 2014 கேர் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

முதலில் தேவை மதிப்பீடு, அதாவது என்ன உதவி வேண்டும் என்று கவுன்சில் பார்ப்பது. அது இலவசம். ஆனால் நம் பெரியவர்கள் சோஷல் வேர்க்கர் வந்ததும் சுவரைப் பிடித்தாவது எழும்பித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, 'எல்லாம் நானே செய்வன்' என்பார்கள். பக்கத்தில் இருந்து, உடம்பு முடியாத நாளில் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் சொல்லுங்கள். கிடைக்கும் மணித்தியாலம் அதில்தான் தங்கியிருக்கிறது.

பராமரிப்புப் பெறுபவரின் சேமிப்பு 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் பொதுவாக முழுச் செலவும் அவருடையது. வீட்டிலேயே பராமரிப்புப் பெறும்போது, அவர் குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

இந்தப் பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு வேண்டும். செலவில் அம்மா தன் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கும் அதற்குள்தான் போகிறது. கணக்கு வழக்கு ஒத்துவராது என்றால், வேறொரு நிறுவனம் உங்களுக்காக அதை நடத்த ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள்.

ஒரே வீட்டில் இருக்கும் நெருங்கிய உறவுக்குச் சம்பளம் கொடுக்க, கவுன்சில் அவசியம் என்று ஒத்துக்கொண்டால் ஒழிய, முடியாது. நாங்கள் இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அக்காவை வைத்தோம். 'நம்மட ஆள்தானே' என்று, பிரிட்டனில் வேலை செய்யும் உரிமை அவருக்கு இருக்கிறதா என்று பார்க்காமல் விடாதீர்கள். 'நான் செல்ஃப் எம்ப்ளாய்ட் (சுயதொழில்), காசைக் கையில தாங்கோ' என்று கேட்பவர்களும் உண்டு. நேரத்தையும் வேலையையும் நீங்கள் தீர்மானித்தால் அவர் பெரும்பாலும் உங்கள் ஊழியர்தான். வரிக்காரர் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அப்புறம், முதலாளிக்கான காப்புறுதி. குறைந்தது 50 லட்சம் பவுணுக்கு எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் நாளுக்கு 2,500 பவுண் வரை அபராதம் வரலாம். விடுமுறையைத்தான் பலரும் மறக்கிறார்கள். வருடத்துக்கு 5.6 வாரம், வாரம் 20 மணித்தியால வேலை என்றால் 112 மணித்தியாலம், சம்பளத்தோடு. அந்த நாட்களில் வேறு ஆள் வந்தால் அவருக்கும் கொடுக்க வேண்டும். காப்புறுதி, விடுமுறை, பே ஸ்லிப் போட்டுத் தரும் சேவைக்கான கட்டணம் எல்லாம் கவுன்சில் தரும் பட்ஜெட்டில் சேர்ந்திருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். ஆண்டுச் சம்பளம் 10,000 பவுணைத் தாண்டினால் பென்ஷனும் வரும். அந்தக் கணக்கைச் சம்பளச் சேவைக்காரரிடம் விட்டுவிடுவது நல்லது.

முதல் ஆறு மாதத்துக்குள் கவுன்சில் பரிசீலனைக்கு வரும், பிறகு வருடம் ஒருமுறை. ரசீதுகளைக் கோப்பில் வையுங்கள். பணம் மிஞ்சிக் கிடந்தால் கவுன்சில் அதைத் திருப்பிக் கேட்கலாம். விடுமுறைச் சம்பளத்துக்கு ஒதுக்கியது என்றால் அதை எழுதி வையுங்கள். இதெல்லாம் பாரமாகிவிட்டால் டைரக்ட் பேமென்டை விட்டுவிடலாம். தேவை இருக்கும்வரை பராமரிப்பை ஏற்பாடு செய்யும் பொறுப்பு கவுன்சிலுடையது.