மூடிக் கிடக்கும் பட்டறையைக் கலை மன்றமாக மாற்றும் முறை

வட சென்னையில் பூட்டிக் கிடக்கும் தொழிற்கூடம் ஒன்றைப் பகுதி மக்களின் கலை மன்றமாக மாற்ற முன்வருவோர் பெரும்பாலும் மேடையைப் பற்றியே முதலில் பேசுகிறார்கள். பணத்தையும் கவனத்தையும் முதலில் கேட்பவை கூரையும் தரையுமே.

அவற்றுக்கும் முன்னால் ஆவணங்கள். வில்லங்கச் சான்று பெறுங்கள். தொழிலாளர் நிலுவை, வங்கி அடமானம், மின்கட்டண பாக்கி ஆகியவை குறித்து வழக்கறிஞர் மூலம் விசாரியுங்கள். தொழிற்கூடம் பொதுக்கூடமாவதற்கு, தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இன்படி அனுமதி பெற வேண்டும்.

கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதைத் துளையிடவோ உடைக்கவோ கூடாது. அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்கிப் பல்லாண்டுகள் கழித்தும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்பதால், பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு, தண்ணீர் தெளித்து நனைத்தபடியே, போல்ட்டுகளைக் கழற்றி ஷீட்டை முழுதாக இறக்க வேண்டும். இறக்கியதைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிவிடுவது பாவம். கடற்காற்று இரும்பை விரைவாக அரிக்கும் காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கங்களில், ட்ரஸ்களின் (கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களின்) இணைப்புகளைத் துரு சுரண்டிக் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்த பிறகே புதிய கூரையின் எடையை முடிவு செய்யுங்கள். வடக்கு நோக்கிய கண்ணாடிச் சாளரங்களோடு ரம்பப் பற்கள்போல அமைந்த கூரை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஆண்டின் பெரும்பகுதி வெயில் நேரடியாக விழாத அந்த வெளிச்சம் ஓவிய வகுப்புக்குக் கிடைத்த வரம்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கல் சுவருக்குச் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு உப்பு பூத்து உதிரும். சுண்ணாம்புப் பூச்சே பொருந்தும்.

வியாசர்பாடி, புளியந்தோப்புப் பகுதிகளில் 2015 மழையிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுச் சுவரில் கோடிடுங்கள். மின்பலகையும் வாத்தியங்கள் வைக்கும் அறையும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். இயந்திர எண்ணெய் ஊறிய தரையாக இருந்தால், குழந்தைகளை உட்கார வைப்பதற்கு முன் மண்ணைச் சோதித்துவிடுவது நல்லது.

தகரக் கூரையின் கீழ் பறையும் கானாவும் எதிரொலித்துச் சொல் புரியாமல் போகும். தென்னைநார்ப் பாய்களையும் கனமான துணிகளையும் சுவர்களில் தொங்கவிட்டால் ஒலி தெளியும். ஆனால் அவை எளிதில் தீப்பற்றும் என்பதால் தீத்தடுப்புப் பூச்சு அவசியம். ஒற்றை ஷட்டரை நம்பாமல், எதிரெதிர்த் திசைகளில் வெளிப்புறமாகத் திறக்கும் கதவுகளை அமையுங்கள். பழைய பளுதூக்கித் தண்டவாளம் மேடை விளக்குகளைத் தொங்கவிட வசதியாகத் தோன்றும். அது எவ்வளவு எடை தாங்கும் என்று பொறியாளர் எழுத்தில் தரும்வரை ஒரு விளக்கைக்கூட மாட்டாதீர்கள்.