தெருமரத்துக்கு வேர்ப்பூசணம் இடுமுன் வெயிலைக் கணக்கிடுங்கள்

தெருவோரக் கன்று வளராமல் நின்றுவிட்டால், வேர் உட்பூசண உரத்தை, அதாவது வேருக்குள் குடியேறி மரத்துக்கு உதவும் பூஞ்சை (மைக்கோரைசா) அடங்கிய உரத்தை, வாங்கி இடுவதே பலருக்கும் முதலில் தோன்றும் வழியாக இருக்கிறது. ஆனால் அந்தப் பூசணத்துக்குச் சோறு போடுவது மரம்தான். இலைகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் சர்க்கரையில் ஏறத்தாழ 4 முதல் 20 விழுக்காடு வரை வேர் வழியே பூசணத்துக்குச் செல்ல, அது மயிரினும் மெல்லிய தன் இழைகளை வேர் நுழைய முடியாத மண்துளைகளில் செலுத்தி, பாஸ்பரஸையும் துத்தநாகத்தையும் திரட்டித் தருகிறது. ஒளி குறைந்தால் இந்தக் கொடுக்கல் வாங்கல் தளர்கிறது. அடர்ந்த நிழலில் பூசணமே கன்றுக்குச் சுமையாகிவிடுவதும் உண்டு.

ஆகவே மேகமற்ற ஒரு நாளில், நடவிருக்கும் இடத்தில் நேர்வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்டட நிழல் பருவந்தோறும் இடம் மாறுவதால், சில மாதங்கள் கழித்து மீண்டும் ஒருமுறை பார்ப்பது நல்லது. பெரும்பாலும் நிழலே விழும் இடமென்றால் நிழல் தாங்கும் மரத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். தெருவிளக்கை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்; அதன் ஒளி ஒளிச்சேர்க்கைக்கு மிகச் சொற்பமே, மாறாகச் சில மரங்களில் இலையுதிர்வைத் தாமதப்படுத்தும்.

அடுத்து, மரத்துக்கேற்ற பூசணம். வேம்பு, புங்கு உள்ளிட்ட பெரும்பாலான மரங்களுக்கு உட்பூசணமும், பைன், ஓக் போன்றவற்றுக்கு வேரின் மேல் உறைபோல் படரும் வெளிப்பூசணமும் பொருந்தும். மாற்றி இட்டால் காசுதான் வீண்.

மேல்மண்ணில் தூவுவதால் பெரும்பயன் இல்லை. நடும்போதே வேர்க்கட்டியைத் தொடும்படி குழிக்குள் இட வேண்டும். குழியைச் சுற்றி இறுகிய மண்ணை அகலமாகக் கொத்தித் தளர்த்தி, தண்டில் படாமல் 5 முதல் 10 செ.மீ. வரை இலைச்சருகை மூடாக்காகப் பரப்புங்கள். பாஸ்பரஸ் மிகுந்த ரசாயன உரத்தைத் தவிர்ப்பது அவசியம், ஏனெனில் அது தாராளமாகக் கிடைக்கும் மண்ணில் மரம் பூசணத்தை வேருக்குள் அதிகம் அனுமதிப்பதில்லை. பூஞ்சைக்கொல்லியை வேரில் ஊற்றுவதையும் தவிருங்கள்.

உட்பூசணம் வேரில் நிலைகொண்டதா என்பதை வெறுங்கண்ணால் அறிய முடியாது. வேருக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும். எனவே ஒரே தெருவில் ஒரே வெயில் பெறும் ஓரிரு கன்றுகளைப் பூசணம் இடாமல் விட்டு, இரு வகைக் கன்றுகளிலும் ஆண்டுதோறும் நுனிக்கிளை நீண்ட அளவைக் குறித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.