கார் பேட்டரி மாற்றப் போகிறீர்களா? நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள்

போன சாரல் சீசனில் புனலூர்ப் பக்கம் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு செங்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தென்மலையில் டீ குடிக்க நிறுத்திய வண்டி அப்புறம் செல்ஃப் எடுக்கவே இல்லை, சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும். நல்ல மழை, பின் சீட்டில் அம்மா, இருட்டவும் ஆரம்பித்துவிட்டது. வழியில் ஒரு கடையிலிருந்து ஆள் வந்து, சின்ன வண்டி எல்லாவற்றுக்கும் இது சேரும் என்று ஒரு பேட்டரியை மாட்டிவிட்டார். நானும் விலையை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் செங்கோட்டையில் எங்கள் மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும், "அண்ணாச்சி, பிளஸ் எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்தீங்களா?" என்றார். பிளஸ் மாறுபக்கம் இருந்த பேட்டரி அது. ஒயர் எட்டாததால் இழுத்துப் பிடித்து மாட்டியிருந்தார்கள். பேட்டரியை அமுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டையில் அது உரசி உரசி, சிவப்பு உறை கிழிந்து உள்ளே செம்பு பளபளவென்று தெரிந்தது. அந்தச் செம்பு இரும்பில் பட்டிருந்தால் ஷார்ட் ஆகி வண்டியே எரிந்திருக்கலாம். அந்த நிலையில் அம்மாவை வைத்துக்கொண்டு புளியரை எஸ் வளைவில் இறங்கி வந்திருக்கிறேன்!

அதனால் முதலில் இதைச் சொல்கிறேன். பழைய பேட்டரியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் புதியதை வாங்காதீர்கள், முடிந்தால் இப்போதே ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். 38பி20எல் என்று இருக்கிறது என்றால், அதில் 38 என்பது ஆம்பியர் ஹவர், அதாவது பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு இல்லை (நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்), அந்தப் பேட்டரியின் திறனுக்கு ஜப்பான்காரர்கள் கொடுத்த ஒரு தர எண். பி என்பது அகலமும் உயரமும், 20 என்பது ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம், கடைசியில் வரும் 'எல்' அல்லது 'ஆர்' என்ற எழுத்துதான் டெர்மினல் (ஒயர் மாட்டும் முனை) எந்தப் பக்கம் என்று சொல்வது. அதற்கும் பின்னால் எஸ் இருந்தால் தடித்த டெர்மினல், மெல்லிய டெர்மினலுக்கான கிளாம்ப் (ஒயர் நுனியில் இருக்கும் பிடி) அதில் உட்காராது. குறியீடெல்லாம் குழப்பமாக இருந்தால் பழையதையும் புதியதையும் ஒரே திசையில் அருகருகே வைத்து பிளஸ் குறியைப் பாருங்கள், போதும்.

அதற்கும் முன்னால், பேட்டரிதான் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். என்னுடையது உண்மையிலேயே தீர்ந்திருந்தது, ஆனால் பல பேருக்குக் கிளாம்பில் பூத்திருக்கும் வெள்ளைப் பச்சைத் தூளைச் சுத்தம் செய்து இறுக்கினாலே வண்டி எடுத்துவிடும். ஒரு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நல்ல சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8க்கும் 14.4க்கும் நடுவில் காட்ட வேண்டும். அப்போதும் 12.5லேயே நின்றால் கோளாறு ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் பாகம்) பக்கம் இருக்கலாம், அதைச் சரி செய்யாமல் புது பேட்டரி போட்டால் சில நாளில் அதுவும் இறங்கிவிடும்.

கடையில் சிசிஏ அதிகம் என்று காட்டி விலை கூடியதைத் தள்ளப் பார்ப்பார்கள். அது மைனஸ் 18 டிகிரி குளிரில் 30 விநாடிக்கு எவ்வளவு கரண்ட் கொடுக்கும் என்ற கணக்கு. ஆரியங்காவில் எந்த மார்கழியிலும் அப்படிக் குளிராது! நம் வண்டிக்குச் சொன்ன அளவு இருந்தால் சரி. நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது வெயில்தான், பங்குனியில் புனலூர் காய்வதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆம்பியர் ஹவரும் அப்படித்தான், கொஞ்சம் கூடினால் தப்பில்லை, ஆனால் பேட்டரி வைக்கும் தட்டில் உட்கார வேண்டும், பானெட்டை மூடினால் டெர்மினலில் இடிக்கக் கூடாது. குறைத்து மட்டும் வாங்காதீர்கள்.

சிக்னலில் நின்றால் தானாக இன்ஜின் அணையும் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அதன் பேட்டரியில் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் என்று எழுதியிருக்கும், அடிக்கடி அணைந்து எடுப்பதைத் தாங்கும் வகைகள் அவை. விலை பாதிதானே என்று சாதா பேட்டரி போட்டால், நாள் முழுக்க அணைந்து அணைந்து எடுப்பதை அது தாங்காது.

அப்புறம் பேட்டரி தயாரித்த தேதி. கடையில் சும்மா இருந்தாலும் பேட்டரி மெல்ல இறங்கும், ரொம்ப நாள் அப்படியே கிடந்தால் உள்ளே ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டிப்பட்டுவிடும். நான் மூன்று மாதத்துக்கு மேல் பழையதை வாங்குவதில்லை, கடையிலேயே மீட்டர் வைக்கச் சொல்லி 12.5க்குக் கீழ் இருந்தால் வேறு கேட்பேன்.

வாரண்டி 48 மாதம் என்றால் 48 மாதமும் சும்மா மாற்றித் தருவார்கள் என்று நம்பி ஏமாறுபவர்கள் உண்டு. முதல் 24 மாதம் இலவசம், மிச்சம் 24 மாதம் புதியதின் விலையில் ஒரு கழிவு மட்டும், இப்படித்தான் பெரும்பாலும் பிரித்திருப்பார்கள். கேரள எல்லை தாண்டி வாங்குகிறவர்கள் கார்டில் சீரியல் நம்பர், வண்டி நம்பர், தேதி, கடை முத்திரை நான்கும் விழுந்ததா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். அவசரத்தில் நான் பில்கூட வாங்காமல் வந்துவிட்டேன், அந்தப் பணம் போனது போனதுதான்.

பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுங்கள், அதற்கான விலையை பில்லில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும். உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும். வீட்டுப் பின்னால் போட்டு வைத்தால் கிணற்றுத் தண்ணீருக்கும் பிள்ளைகளுக்கும் கேடு.

நீங்களே மாட்டுவதாக இருந்தால் கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள். மாட்டி முடித்ததும் பிளஸ் ஒயரைக் கையால் லேசாக அசைத்துப் பாருங்கள், ஒயர் இழுபடாமல் தொய்வாக இருக்க வேண்டும், எந்த இரும்பிலும் படக் கூடாது.